ஓட்டோ யெஸ்பர்சன்

பாட்டனார் பேசிய மொழியையே பேரனும் பேசுகின்றான் என்று நாம் எளிதிற் கூறிவிடுகின்றோம். ஆயினும், செவியைக் கூர்மையாக்கிக் கேட்பின், சொல் ஒன்றாயிருப்பினும் ஒலி வேறாயிருத்தல் புலனாகும். இவ்வேறுபாட்டை இளைஞரின் சோம்பல் என்று முதியோர் பழித்தல் பல நாடுகளிலும் உள்ள வழக்கம். அப்பழியை அப்படியே ஏற்காது, மாற்றத்தின் காரணத்தை ஆராய்வதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் டென்மார்க்கு தேசத்துப் பேரறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன். ஆங்கிலம் பயிலும் நம் மாணவர் அவரை ஆங்கில இலக்கண ஆசிரியராகவே அறிவர். அவர் தம் தாய்மொழியின் ஒலிக்குச் செய்த தொண்டினை அறிந்தோர் சிலரே. அதுபற்றி ஈண்டுச் சிறிது கூறுவாம்.

யெஸ்பர்சன் 1860-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 16-ஆம் நாள் ஜட்லாந்துப் பகுதியிலுள்ள ராண்டர்ஸ் நகரிற் பிறந்தார். இளமையிலேயே தந்தையையும் தாயையும் இழந்தார். பள்ளிச் சிறுவராயிருந்தபொழுதே, ராஸ்முஸ் ராஸ்க் என்னும் டேனிய மொழிநூற் புலவரின் வரலாறு அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அவர்தம் இலக்கண நூல்களைத் துணையாகக் கொண்டு ஐஸ்லாந்து மொழி முதலியவற்றைத் தாமே கற்கலானார். 1877-ல் கோபன்ஹேகன் சர்வகலாசாலையிற் சேர்ந்து, குடும்ப வழக்கத்தையொட்டிச் சட்டநூல் பயின்றார். மனம் அதில் ஒன்றவில்லை. நான்கு ஆண்டுகள் கழிந்தபின் துணிந்து அதனைக் கைவிட்டு மொழிப் பயிற்சியை மேற்கொண்டார். அக்காலத்தில் அந்நாட்டுப் பார்லிமெண்டிற் சுருக்கெழுத்தாளராயிருந்து பொருளீட்டினார். பிறர் வாய்மொழியை உடனுக்குடன் பதிந்த அத்தொழில் அவர் செவிக்கு நல்ல பயிற்சியாய் அமைந்திருக்கும் என்பது நம் கருத்து.

டேனிய மொழியில் எழுத்துக்கும் பேச்சுக்கும் உள்ள இடைவெளி பெரிது. எழுதப்பெறும் மெய்கள் பல பேச்சில் மெலிந்தும் மறைந்தும் போகும். 'ஹுன்' என்பது அவள் எனப் பொருள்படும். அதனையே தொண்டையிற் சிறு நெருக்கம் சேர்த்துக் கூறின் நாய் எனப் பொருள்படும். இத்தகைய நுட்பங்களைச் சாதாரண எழுத்தாற் காட்டுதல் அரிது. ஆதலின் யெஸ்பர்சன் 1890-ல் 'டானியா' என்னும் ஒலிக்குறி முறையை வகுத்தார். அந்நாட்டு அறிஞர் நெடுங்காலம் அதனைக் கையாண்டு வந்தனர்.

1893 முதல் 1925 வரை அவர் கோபன்ஹேகனில் ஆங்கிலப் பேராசிரியராக விளங்கினார். ஏழு பாகங்கொண்ட அவருடைய பெரிய ஆங்கில இலக்கணம் 1909-ல் வெளிவரத் தொடங்கி, அவர் மறைந்தபின் 1949-ல் நிறைவுற்றது. இவ்வளவு பணிக்கிடையிலும் வீட்டிற் குழந்தை மழலை பேசுவதைக் கேட்டுக் குறித்துக்கொள்ள அவர் மறந்தாரல்லர்.

அவ்வாறு கேட்டதன் பயன் யாது? டென்மார்க்கில் நாநுனி அதிர ஒலித்த பழைய ரகரம், தலைநகரில் முன்னரே அடிநாவுக்குச் சென்று, பின்னர்ப் பிற பகுதிகளுக்கும் பரவிற்று. உயிர்களுக்கிடையே முதியோர் மெல்ல உரசி ஒலித்த ககரம், பின்வந்தோர் வாயில் யகரமாகவும் வகரமாகவும் திரிந்தும், சிலவிடத்து அறவே நீங்கியும் போயிற்று. நாநுனி ரகரம் தளர்ந்ததற்கு யெஸ்பர்சன் ஒரு காரணம் கூறினார். வெளியிடங்களில் உரக்கப் பேசி வாழ்ந்தோர்க்கு அதிரும் ரகரம் இயல்பாயிருந்தது; வீட்டினுள் அடங்கிய வாழ்க்கைக்கு மெல்லொலியே போதுமாயிற்று என்பது அது. இக்காரணம் முற்றும் நிறுவப்பட்டதன்று. ஆயினும் ஒலியை வாழ்க்கையோடு பொருத்திக் காண நமக்குக் கற்பிக்கின்றது. 1922-ல் வெளியிட்ட மொழி பற்றிய நூலில், பெரும்போரும் கொள்ளைநோயும் நிகழ்ந்த காலங்களிற் பெரியோர் திருத்துவாரின்றி வளர்ந்த சிறார் பேச்சில் மாற்றம் விரைந்து நிகழும் என்றும் அவர் கருதினார்.

மொழிகள் நாளடைவிற் சீரழிகின்றன என்பது அவர்க்கு முந்திய அறிஞர் பலரின் கொள்கை. 1894-ல் வெளிவந்த நூலில் அவர் இதனை மறுத்து, குறைந்த முயற்சியால் மிகுந்த பொருளை உணர்த்துதலே வளர்ச்சி என்றார். இதனை நாம் முழுதும் ஒப்புக்கொள்ளுதல் எளிதன்று. பேசுவார்க்கு எளிதாவது கேட்பார்க்கும் எளிதாகும் என்பதில்லை. எழுதிய டேனிய மொழியை எளிதிற் படிக்கும் ஸ்வீடன் நாட்டார், அதனைச் செவியால் உணர இடர்ப்படுகின்றனரன்றோ? எனினும், இழந்தது இது, பெற்றது இது என்று எடைபோடுவதற்கும் முதற்கண் பதிவு வேண்டும். அதனைச் செய்து வைத்தமையே அவர் பெருமை.

ஜெர்மானியப் படைகள் தம் நாட்டைக் கைப்பற்றியிருந்த காலத்தில், 1943-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் யெஸ்பர்சன் மறைந்தார். ஒருகால் இளைஞர் மொழியாயிருந்த அவர் தலைமுறைப் பேச்சு, இன்று பாட்டன்மாருக்கும் முந்தியோர் மொழியாயிற்று. பேசிய நாக்குகள் அடங்கின. அவர் எழுதிவைத்த குறிகள் மட்டும் அவ்வொலியை இன்றும் உணர்த்துகின்றன. இளையோர் பேச்சு நம் செவிக்கு மாறாகத் தோன்றும்பொழுது, பழிக்குமுன் உற்றுக் கேட்போமாக. கேட்டதை உள்ளவாறு எழுதிவைப்பின், நமக்குப் பின்வருவோர் அதற்காக நம்மை வாழ்த்துவர்.