மின்சாரம் வந்தது, மின்னறிவு வந்ததா?

மதுரையிலிருந்து திருப்பரங்குன்றம் செல்லும் பேருந்தில் ஏறினால், பழங்காநத்தம் தாண்டியதும் நடத்துநர் பைக்காரா என்று குரல் கொடுப்பார். இறங்குகிறவர்கள் இறங்குவார்கள். அந்தப் பெயர் அங்கே எப்படி வந்தது என்று எண்ணிப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்?

பைக்காரா என்பது நீலகிரி மலையில் ஓடும் ஆறு. 1932-இல் அதன் நீரைக் கொண்டு இயங்கும் மின் நிலையம் அமைந்தது. அங்கே பிறந்த மின்சாரம் மலையிறங்கி, காடு கடந்து, கம்பி வழியே மதுரைக்கு வந்து சேர்ந்தது. அது வந்து இறங்கிய துணை மின் நிலையத்தைச் சுற்றியிருந்த பகுதிக்கு, அது பிறந்த இடத்தின் பெயரையே மக்கள் வைத்துவிட்டார்கள். பாண்டியன் தலைநகரில் ஒரு மலையாற்றின் பெயர் நிலைத்த கதை இதுதான்.

அதே சாலையில் மேலும் சற்றுத் தொலைவு சென்றால் தியாகராசர் பொறியியற் கல்லூரி. இரண்டு நிறுத்தங்களுக்கும் இடையே உள்ள தூரம் சொற்பந்தான். ஆனால் முன்னதிலிருந்து பின்னதை அடைய மதுரைக்கு ஏறக்குறைய கால் நூற்றாண்டு பிடித்தது! கம்பி வழியே மின்சாரம் வந்துவிட்டது. மின்சாரத்தைப் பற்றிய கல்வி வரவில்லை. அந்தக் குறையைத் தீர்த்த பெரியவர் கருமுத்து தியாகராசச் செட்டியார். அவர் வாழ்வை இன்று நாம் நினைவுகூர விரும்புவது அந்த ஒரு காரணத்துக்காகவே.

இன்றைய சிவகங்கை மாவட்டத்து ஆ. தெக்கூரில், 1893-ஆம் ஆண்டு சூன் 16-ஆம் நாள் அவர் பிறந்தார். வணிகத்தில் தேர்ந்த நகரத்தார் குடும்பம். கொழும்பில் படித்தார். இளமையிலேயே பத்திரிகைத் துறை அவரை ஈர்த்தது. இலங்கைத் தோட்டங்களில் உழன்ற தமிழ்த் தொழிலாளர் நிலை கண்டு அவர்களுக்காகக் குரல் கொடுத்தார். தாயகம் திரும்பியபின் விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டார். பிற்காலத்தில் தமிழ்நாடு என்னும் நாளேட்டையும் நடத்தினார். பணப்பெட்டியை மட்டும் பார்த்து வாழ்ந்தவரல்லர் என்பதற்கு இவை போதும்.

1920-களின் தொடக்கத்தில் மதுரையில் மீனாட்சி ஆலையை நிறுவினார். அந்நாளில் இந்நகரின் பெரிய நூற்பாலை ஆர்வி என்னும் வெள்ளையர் கைவசம் இருந்தது. அந்த ஊரில் ஒரு தமிழர் துணிந்து ஆலை வைத்தார். ஒன்று பலவாயிற்று, ஆலை அரசர் என்று நாடு அவரை அழைத்தது. 1943-இல் மதுரை வங்கி பிறந்தது. ஆலை முதலாளி என்ற முறையில் தொழிலாளரோடு அவருக்குப் பிணக்குகள் இருந்ததும் உண்மை. அவர் செய்த அனைத்தையும் நாம் போற்றியாக வேண்டுமென்பதில்லை. ஆனால் ஈட்டிய பொருளை அவர் எங்கே விதைத்தார் என்பதைப் பார்க்க வேண்டாமா?

1949-இல் வண்டியூர்த் தெப்பக்குளத்தின் பக்கத்தில் தியாகராசர் கல்லூரி எழுந்தது. 1957-இல் திருப்பரங்குன்றத்தில் பொறியியற் கல்லூரி. அடுத்த ஆண்டிலேயே சேலத்தில் பாலிடெக்னிக். கலைத்தந்தை என்ற பெயர் அவருக்கு வீணில் வரவில்லை.

1957-க்கு முன் நிலைமை என்ன? மின்பொறியியல் படிக்க விரும்பும் மதுரைப் பக்கத்துப் பிள்ளை கிண்டிக்குப் போக வேண்டும். இல்லையேல் கோவைக்கோ, அண்ணாமலை நகருக்கோ போக வேண்டும். 1952-இல் அழகப்பர் காரைக்குடியில் கல்லூரி கண்டது ஓரளவு ஆறுதல். எங்கும் இடமோ குறைவு. விடுதிச் செலவோ அதிகம். உசிலம்பட்டியிலும் மேலூரிலும் வாடிப்பட்டியிலும் மழையை நம்பி ஏர் ஓட்டிய குடும்பம், மகனைச் சென்னைக்கு அனுப்பி நான்கைந்து ஆண்டுகள் காப்பாற்ற முடியுமா? வாசலில் மின்கம்பம் நின்றது. அதை அறியும் படிப்போ முந்நூறு கல்லுக்கு அப்பால் இருந்தது.

அந்தப் படிப்பில் முதலாண்டில் என்னதான் சொல்லித் தருகிறார்கள் என்று கேட்கலாம். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறோம். கம்பியில் ஓடும் மின்னோட்டம் இரு மடங்கானால், அதில் பிறக்கும் சூடு இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. இது முதலாண்டு மாணவன் முதல் சில வாரங்களிலேயே கற்கும் விதி. பார்வைக்குச் சிறியது. ஆனால் அதன் ஆட்சி எவ்வளவு பெரியது!

நீலகிரியிலிருந்து மதுரை வரை மின்சாரத்தை ஏன் உயர்ந்த அழுத்தத்தில் அனுப்புகிறார்கள்? அழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால், அதே ஆற்றலை அனுப்பப் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் போதும். அப்போது வழியில் சூடாகி வீணாகும் பகுதி நூறில் ஒன்றாகக் குறைகிறது. வந்து சேர்ந்த இடத்தில் டிரான்ஸ்பார்மர் அழுத்தத்தைக் குறைத்து ஊருக்கு வழங்குகிறது. பைக்காரா நிறுத்தத்தின் பெயருக்குப் பின்னால் இருப்பது இந்த விதியே.

இனி வயற்காட்டுக்கு வருவோம். கமலை கட்டி இறைத்த கிணறுகளில் மோட்டார் வந்தது. மூன்று கம்பிகளில் வரும் மின்சாரத்தில் ஒன்று தவறிவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் உடனே நின்றுவிடுவதில்லை. சுமையை இழுக்க, மிஞ்சிய கம்பிகளின் வழியே அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை வாங்குகிறது. சூடு பன்மடங்காகிறது, சுருளின் காப்புப் பூச்சு கருகுகிறது, மோட்டார் எரிந்துபோகிறது. காயில் கட்டக் கடன் வாங்கிய உழவனுக்கு அது விதியின் விளையாட்டாகத் தோன்றும். படித்த மகனுக்கோ அது கணக்கு. ஒரு ரிலே வைத்துத் தடுக்கக் கூடிய கணக்கு. தலைவிதி என்று நின்ற இடத்தில் இயற்கை விதியைக் காட்டுவதுதான் கல்வி. அதைத் தம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எட்டும் தூரத்தில் வைத்ததே தியாகராசரின் தொண்டு.

இங்கே இன்னொரு பெரியாரையும் நினைக்கத் தோன்றுகிறது. கோவை ஜி. டி. நாயுடுவும் 1893-இல் பிறந்தவர். அவரும் 1974-இல் மறைந்தவர். நாயுடு பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, எந்திரங்களைக் கழற்றிப் பூட்டியே கற்றார். 1937-இல் இந்நாட்டிலே மின் மோட்டார் செய்து காட்டியதில் அவருக்குப் பங்குண்டு. பொறியியல் படிப்புக்கு இத்தனை ஆண்டுகள் வேண்டியதில்லை என்று வாதாடினார். ஒருவர் கையால் கற்கும் அறிவை வற்புறுத்தினார். மற்றவர் கல்லூரி கட்டி அறிவை ஊரருகே கொணர்ந்தார். வழிகள் வேறு, இருவரும் கண்ட நோய் ஒன்றே. எந்திரத்தை விலைக்கு வாங்கலாம், அதை அறியும் மூளையை இறக்குமதி செய்துகொண்டே இருக்க முடியாது.

1974-ஆம் ஆண்டு சூலை 29-ஆம் நாள் தியாகராசர் மறைந்தார். அவர் தொடங்கிய வங்கி 2001-இல் வேறொரு வங்கியோடு இணைந்து பெயரிழந்தது. கல்லூரியோ நிற்கிறது. தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக் கழகத்தோடும், பின்னர் 1966-இல் தோன்றிய மதுரைப் பல்கலைக் கழகத்தோடும், இப்போது அண்ணா பல்கலைக் கழகத்தோடும் இணைந்து, 1987 முதல் தன்னாட்சியும் பெற்று நடக்கிறது. பொருளில் போட்டது கைமாறலாம். அறிவில் போட்டது கைமாறினாலும் வளரும்.

ஒன்று மட்டும் மிச்சமிருக்கிறது. தியாகராசர் தமிழ்ப் பற்றாளர். கட்டாய இந்தியை எதிர்த்து நின்றவர். அவர் ஊரருகே கொணர்ந்த கல்வி, மாணவன் நாவருகே இன்னும் முழுமையாக வரவில்லை. தமிழில் படித்துக் கல்லூரி நுழையும் பிள்ளை, முதலாண்டில் மின்விதியில் இடறுவதை விட ஆங்கில வாக்கியத்தில் இடறுவதே அதிகம். 2010-இல் அண்ணா பல்கலைக் கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழில் தொடங்கியது. மின்பொறியியலுக்கு அன்று அந்த இடம் கிடைக்கவில்லை.

ஆங்கிலம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. உலகோடு பேச அது வேண்டும். முதற் பாடத்தையாவது தாய்மொழியில் தெளிவாக விளக்கும் நல்ல நூல்களும், விளக்கத் தயங்காத ஆசிரியர்களும் வேண்டுமென்கிறோம். முந்நூறு கல் தூரத்தைத் தியாகராசர் குறைத்தார். எஞ்சியிருக்கும் தூரம் வகுப்பறைக்குள் இருக்கிறது. அதைக் குறைப்பது அவர் பெயரைச் சொல்லும் நம் எல்லோருடைய கடமையாகும்.