பந்து விற்கக் கடல் கடந்தவர்

கூடைப்பந்து ஆடும் நம் நண்பர்கள் ஸ்பால்டிங் என்ற பெயரைப் பந்தின் மேல் பார்த்திருப்பார்கள். அது ஒரு மனிதருடைய பெயர் என்பதை அறிந்தவர் சிலரே. ஆட்டக்காரராய்த் தோன்றிக் கடைக்காரராய் வளர்ந்து, தம் நாட்டு ஆட்டத்தையும் அதற்குரிய பண்டங்களையும் கடல் கடந்து பரப்ப முயன்றவர் ஆல்பர்ட் குட்வில் ஸ்பால்டிங். பிற நாட்டில் ஒரு பொருளை வேரூன்றச் செய்ய எத்தகைய ஆள் வேண்டும் என்ற கேள்விக்கு அவருடைய வெற்றியும் தோல்வியும் விடை கூறுகின்றன.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பைரன் என்னும் சிற்றூரில் 1850 செப்டம்பர் 2-ஆம் நாள் அவர் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். ராக்ஃபோர்டு நகரில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்த அச்சிறுவனுக்குத் துணை எவருமில்லை. பேஸ்பால் ஆடும் பிள்ளைகளைத் தொலைவில் அமர்ந்து பார்ப்பதே அவனுடைய பொழுதுபோக்கு. ஒரு நாள் தன் பக்கம் வந்த பந்தைப் பிடித்து அவன் திருப்பி எறிந்த வேகத்தைக் கண்டு, பிள்ளைகள் அவனையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டனர். அன்று பிடித்த பந்தை அவன் வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

1867-இல், பதினாறு வயதில், வாஷிங்டனிலிருந்து வந்த புகழ்பெற்ற குழுவைத் தம் பந்துவீச்சால் ராக்ஃபோர்டு குழு வெல்லத் துணை நின்றார். 1871-இல் பாஸ்டன் குழுவில் சேர்ந்தார். 1872 முதல் 1875 வரை நான்கு ஆண்டுகள் அக்குழுவே முதலிடம் பெற்றது. இதற்கிடையில், 1874-இன் தொடக்கத்தில், இருபத்துமூன்று வயது இளைஞராகிய அவரைத் தனியே இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். இரண்டு அமெரிக்கக் குழுக்கள் அங்குச் சென்று ஆடுவதற்கு ஏற்பாடு செய்வதே அவர் பணி. ஏற்பாடு நடந்தது, ஆட்டங்களும் நடந்தன. அமெரிக்கர்கள் பதினெட்டுப் பேர் நின்று பதினொரு ஆங்கிலேயரோடு கிரிக்கெட்டும் ஆடித் தோல்வியின்றித் திரும்பினர். ஆனால் பேஸ்பால் மீது ஆங்கிலேயருக்கு ஆசை பிறக்கவில்லை.

1876-இல் தம்பி ஜேம்ஸ் வால்ட்டருடன் சேர்ந்து சிகாகோவில் விளையாட்டுப் பொருள் கடை திறந்தார். ஆட்டத்தையும் வியாபாரத்தையும் அவர் பிரித்துப் பார்த்ததே இல்லை. கையுறை அணிவது கோழைத்தனம் என்று ஆட்டக்காரர்கள் கருதிய காலத்தில், 1877-இல் எல்லாரும் காணும்படி கறுப்புக் கையுறை அணிந்து களமிறங்கினார். தலைசிறந்த வீரரே அணிந்தபின் கேலி செய்வார் யார்? கையுறை விற்பனை பெருகியது. பெரிய பந்தயங்களுக்கெல்லாம் அவர் கம்பெனிப் பந்தே உரிய பந்தாயிற்று.

1888 அக்டோபரில் இரண்டு குழுக்களைத் திரட்டிக்கொண்டு உலகப் பயணம் புறப்பட்டார். ஹானலூலு, ஆக்லாந்து, சிட்னி, மெல்போர்ன் ஆகிய ஊர்களைக் கண்டபின், 1889 ஜனவரியில் கொழும்பிலும் ஓர் ஆட்டம் நடந்தது. பிப்ரவரியில் எகிப்தின் பிரமிடுகளின் அருகே ஆடினர். லண்டனில் இளவரசர் எட்வர்டு வந்து பார்த்தார். ஏப்ரலில் நியூயார்க் திரும்பியபோது நடந்த விருந்தில் எழுத்தாளர் மார்க் ட்வெயினும் தியோடர் ரூஸ்வெல்ட்டும் கலந்துகொண்டனர்.

விருந்து முடிந்தது, விளைவு என்ன? கப்பல் வந்து போன கொழும்பில் பேஸ்பால் அன்று வேர்கொள்ளவில்லை. ஆஸ்திரேலியாவிலோ நிலைமை வேறு. அங்கு மட்டும் ஸ்பால்டிங் ஓர் ஆளை விட்டுவந்தார். ஹாரி சிம்ப்சன் என்பவர் அவர். அமெரிக்கரே ஆயினும் அந்நாட்டு மக்களோடு தங்கி, கிளப்புகளை அமைத்து, ஆடக் கற்பித்தார். 1891-இல் அங்கேயே இறந்தார். அவர் மறைந்தும் ஆட்டம் மறையவில்லை. உள்ளூர்க் கிரிக்கெட் வீரர்கள் தங்கள் குளிர்கால ஆட்டமாக அதை ஏற்றுக்கொண்டார்கள்.

இங்கிலாந்தில் 1890-இல் ஒரு பேஸ்பால் சங்கமே ஏற்பட்டது. லண்டனில் குடியேறியிருந்த அமெரிக்க வழக்கறிஞர் நியூட்டன் கிரேன் அதன் தலைவர். பயிற்சியளிக்க அமெரிக்காவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். டெர்பி நகரத்து இரும்பு வார்ப்பட ஆலை முதலாளி பிரான்சிஸ் லே மட்டும் உள்ளூர்க்காரர்; தம் தொழிலாளருக்காகத் திடல் அமைத்துக் கொடுத்தவர். ஆனால் டெர்பி குழு தன் அமெரிக்கப் பந்துவீச்சாளரையே மிகுதியாக நம்பியதால் சச்சரவு மூண்டு, அக்குழு இடையிலேயே விலகிற்று. ஆஸ்டன் வில்லா பட்டம் வென்றது. சங்கமோ அந்த ஓராண்டோடு நின்றது. பந்தும் மட்டையும் வந்தன, பயிற்சியாளரும் வந்தனர். ஆட்டத்தைத் தம்முடையதாகக் கருதும் மக்கள் மட்டும் வரவில்லை.

இந்தப் பாடத்தை அவர் கம்பெனி மறுபுறமாகப் பயன்படுத்தியது. அமெரிக்காவில் கோல்ஃப் அப்போதுதான் பரவிவந்தது. 1900-இல் அந்த ஆட்டத்தின் தலைசிறந்த வீரர் ஹாரி வார்டனைப் பிரிட்டனிலிருந்து வரவழைத்து, அவர் பெயரிட்ட பந்தோடு நாடெங்கும் ஆடச் செய்தது. அவர் அவ்வாண்டு அமெரிக்க ஓபன் பட்டத்தையும் வென்றார். அந்தப் பந்தைப் புதுவகை ரப்பர்ப் பந்து விரைவில் வீழ்த்திவிட்டது. எனினும் வார்டன் சென்ற இடமெல்லாம் கோல்ஃப் ஆசை வளர்ந்தது.

முதுமையில் ஸ்பால்டிங்கைப் பெருமை மயக்கியது. பேஸ்பால் முழுக்க முழுக்க அமெரிக்காவிலேயே பிறந்தது என்று நிலைநாட்ட 1905-இல் ஒரு குழு அமையக் காரணமானார். ஆப்னர் டபிள்டே என்பவர் 1839-இல் அதைக் கண்டுபிடித்தார் என்று குழு முடிவு கூறிற்று. வரலாற்றாசிரியர்கள் இன்று அதைக் கட்டுக்கதை என்று தள்ளிவிட்டனர். ஆங்கிலச் சிறுவர்களின் பழைய மட்டைப்பந்து ஆட்டங்களே அதன் மூலம். உலகெல்லாம் ஆட வேண்டும் என்று விரும்பிய ஆட்டத்துக்கு, இது எங்களுக்கே உரியது என்று வேலி கட்டினால் அயலார் எப்படி உள்ளே வருவார்கள்?

1915 செப்டம்பர் 9-ஆம் நாள் கலிபோர்னியாவில் அவர் காலமானார். சரக்கைக் கப்பல் ஏற்றிவிடலாம். விருப்பத்தை ஏற்றி அனுப்ப முடியாது. அதை அந்தந்த மண்ணில் வாழ்பவரே வளர்க்க வேண்டும். பிறந்த ஊரை விட்டு வந்து படிக்கும் நம்முள் பலர், நாளை ஏதேனும் ஒரு நிறுவனத்தின் பெயரைத் தாங்கி வேற்றூருக்குப் போகக்கூடும். அங்கே சிம்ப்சனைப் போல் மக்களோடு தங்கப் போகிறோமா, அல்லது கப்பலோடு வந்து கப்பலோடு திரும்பப் போகிறோமா என்பதை நண்பர்கள் இப்போதே எண்ணிப் பார்ப்பது நன்று.