காட்டூன்களுக்குக் குரலூட்டிய டைட்டஸ் தொட்டவத்த

அறிமுகம்
இலங்கைத் தொலைக்காட்சியில் பிறநாட்டுக் காட்டூன் தொடர்களைச் சிங்களத்தில் பேசவைத்த முன்னோடி டைட்டஸ் தொட்டவத்த ஆவார். படத்தொகுப்பாளராகவும் திரைப்பட நெறியாளராகவும் புகழ்பெற்ற பின்னரே இவர் தொலைக்காட்சிக்கு வந்தார்.

திரைப்படப் பணி
இவர் முதலில் அரசாங்கத் திரைப்படப் பிரிவில் பணியாற்றினார். அக்காலத்தில் சிங்களப் படங்கள் பெரும்பாலும் தென்னிந்தியக் கலையகங்களில், தென்னிந்தியப் பாணியிலேயே தயாரிக்கப்பட்டன. இந்நிலையை மாற்ற விரும்பிய லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக் ஆகியோருடன் இவரும் அரசாங்கத் தொழிலைத் துறந்தார். மூவரும் இணைந்து உருவாக்கிய 'ரேகாவ' 1956இல் வெளிவந்தது. கலையகத்தை விட்டு, கிராமத்து வெளியில் படமாக்கப்பட்ட இப்படத்தின் தொகுப்பாளர் தொட்டவத்தவே. 1957இல் இது பிரான்சின் கான் திரைப்பட விழாவிலும் காண்பிக்கப்பட்டது.

பின்னர் 'சண்டியா' (1965) முதலிய படங்களை இவர் நெறிப்படுத்தினார். 1979இல் வெளிவந்த சிறுவர் படமான 'ஹந்தயா' இத்தாலியின் கிஃபோனி சிறுவர் திரைப்பட விழாவில் விருது பெற்றது.

தொலைக்காட்சிப் பணி
1982இல் இலங்கை ரூபவாஹினி தனது ஒளிபரப்பைத் தொடங்கியது. அங்கு மொழிமாற்றப் பிரிவைப் பொறுப்பேற்றவர் தொட்டவத்த. 'டொக்டர் ஸ்னகிள்ஸ்' என்னும் காட்டூன் தொடர் இவரது கையில் 'தொஸ்தர ஹொந்தஹித' ஆயிற்று. நல்ல மனம் படைத்த வைத்தியர் என்பது இதன் பொருள். பக்ஸ் பனி என்னும் குறும்புக்கார முயல் 'ஹா ஹா ஹரி ஹாவா' என்ற பெயரில் வந்தது. 'ஹாவா' என்றால் முயல். பெயரிலேயே சிரிப்பொலியும் கலந்திருப்பதைக் கவனியுங்கள்.

மொழிமாற்றம் எளிதான வேலையன்று. படத்தை மாற்ற முடியாது. உரையாடலை மட்டுமே மாற்றலாம். பாத்திரம் வாய் திறக்கும்போது பேச்சுத் தொடங்கி, வாய் மூடும்போது முடிய வேண்டும். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் வசனம் நீண்டுவிடும், நகைச்சுவையும் கெட்டுவிடும். எனவே கருத்தை உள்வாங்கி, சிறுவர் அன்றாடம் பேசும் மொழியில் புதிதாக எழுத வேண்டும். எந்த இடத்தில் வெட்டுவது, எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை நன்கறிந்த படத்தொகுப்பாளருக்கு இது கைவந்த கலையாயிற்று. இப்பணியைக் குறிக்கச் சிங்களத்தில் 'ஹட கெவீம' என்னும் சொல்லை ஆக்கியவரும் இவரே என்பர். குரலை ஊட்டுதல் என்பது அதன் பொருள்.

மதிப்பீடு
தொட்டவத்த 2011இல் காலமானார். இவர் காட்டூன் வரைந்தவர் அல்லர். எனினும் ஒரு தலைமுறைச் சிறுவர்கள் அவற்றைத் தம் சொந்தக் கதைகளாகவே எண்ணி மகிழ்ந்தனர். அக்குறணை போன்ற ஊர்களில் தமிழ் பேசும் பிள்ளைகளும் அவற்றைச் சிங்களத்திலேயே பார்த்தனர். ஒரு மொழியின் சிறுவருக்கு உலகக் கதைகள் தாமாக வந்து சேர்வதில்லை. அவற்றைக் கொண்டுவர உழைப்பவர் வேண்டும். தமிழில் அப்பணியைச் செய்யப்போகிறவர் உங்களில் ஒருவராகவும் இருக்கலாம்.

பயிற்சி வினாக்கள்
1. 'ரேகாவ' முந்திய சிங்களப் படங்களிலிருந்து எவ்வாறு வேறுபட்டது?
2. காட்டூன் உரையாடலைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பது பொருந்தாமைக்கு இரண்டு காரணங்கள் தருக.
3. நீங்கள் பார்த்த ஒரு காட்டூனுக்குப் பொருத்தமான தமிழ்ப் பெயர் சூட்டி, அதற்கான காரணத்தை விளக்குக.