பிளேக் காலத்து நகரசபையும் வல்லபபாய் படேலும்

ஸர்தார் வல்லபபாய் படேல் என்றவுடன், சமஸ்தானங்களை இந்தியாவுடன் இணைத்த உள்நாட்டு மந்திரியையும், பர்தோலி வரிமறுப்புப் போரை நடத்திய தலைவரையுமே நம்மவர் நினைப்பது வழக்கம். அவருடைய பொதுவாழ்வு ஆமதாபாத் முனிசிபாலிடியின் சாக்கடைகளிலும் குப்பைமேடுகளிலும் தொடங்கிற்று என்பதைச் சிலரே நினைவில் வைத்திருக்கின்றனர். கொள்ளைநோய் புகுந்த நகரத்தில் பணத்தை எதற்குச் செலவிடுவது, எந்த உத்தியோகஸ்தரை வைத்துக்கொள்வது, எவரை அனுப்பிவிடுவது என்னும் கேள்விகளுக்கு அவர் நடைமுறையில் கண்ட விடையை நகரசபைக் காரியங்களில் ஈடுபட்டோர் யாவரும் அறிதல் நலம். ஆதலின் அவர் வாழ்க்கையில் அப்பகுதியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

வல்லபபாய் 1875-ஆம் வருஷம் அக்டோபர் 31-ந் தேதி குஜராத்தில் நடியாத் என்னும் ஊரில், வேளாண்மைக் குடும்பமொன்றில் பிறந்தார். பிளீடர் பரீக்ஷையில் தேறி 1900-ஆம் வருஷம் கோத்ராவில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். அங்கே பிளேக் பரவியபொழுது, நோயுற்ற நண்பர் ஒருவருக்கு அருகிருந்து பணிவிடை செய்தார். அந்நோய் அவரையும் பற்றியது. குடும்பத்தாரைப் பத்திரமாக வேறிடத்துக்கு அனுப்பிவிட்டு, தாம் தனித்து ஒதுங்கியிருந்து உயிர் பிழைத்தார். பிளேக் என்பது அவருக்கு ஏட்டில் படித்த விஷயமன்று. பின்னர் 1910-ல் சீமைக்குச் சென்று, மிடில் டெம்பிளில் சட்டம் பயின்று, 1913-ல் பாரிஸ்டராகத் திரும்பி ஆமதாபாத்தில் தொழில் நடத்தினார். அந்நாளில் மேனாட்டு உடையும், மாலைவேளைகளில் குஜராத் கிளப்பில் சீட்டாட்டமுமாக இருந்தவரிடம் பெரிய தேசத்தொண்டை எவரும் எதிர்பார்க்கவில்லை.

1917-ல் அவர் நகரசபைக்கு அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, சுகாதாரக் கமிட்டியின் தலைவரானார். அதே வருஷத்தில் பிளேக் ஆமதாபாத்தைத் தாக்கியது. பள்ளிக்கூடங்களும் கோர்ட்டுகளும் மூடப்பட்டன. வசதியுள்ளோர் ஊரைவிட்டு வெளியேறினர். இத்தகைய சமயத்தில் நகரசபையின் நிலை எதுவென்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஊர் காலியானால் வியாபாரம் நின்று வரி வசூல் குறையும். செலவோ நாளுக்கு நாள் ஏறும். ஆட்கள் மிகுதியாக வேண்டிய வேளையில், இருக்கும் ஆட்களும் உயிருக்கு அஞ்சி ஓடப் பார்ப்பார்கள். படேல் ஊரைவிட்டு அகலவில்லை. சந்து சந்தாக நடந்து, சாக்கடை கழுவுவதையும் மருந்து தெளிப்பதையும் நேரில் நின்று மேற்பார்த்தார். தலைவன் தெருவில் நிற்கையில் கடைநிலைத் தொழிலாளி தன் இடத்தை விட்டு ஓடுவதற்கு நியாயம் ஏது?

இருபது வருஷங்களுக்கு முன், 1897-ல், புனாவில் நடந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே பிளேக் கமிட்டித் தலைவராயிருந்த ராண்ட் என்பவர் வெள்ளைச் சோல்ஜர்களை வீடுகளுக்குள் புகவிட்டுச் சோதனை போட்டார். நோயைவிடச் சோதனைக்கே ஜனங்கள் அதிகமாய் அஞ்சினர். அந்த ஆத்திரத்தின் முடிவில் ராண்ட் சுடப்பட்டு மாண்டார். ஜனங்களின் நம்பிக்கையில்லாத சுகாதார நடவடிக்கை எவ்வளவு பணத்தையும் ஆட்களையும் விழுங்கினாலும் பயன் தராது என்பதற்கு அதுவே போதிய சாட்சி.

இனி, செலவு விஷயம். பணமுடை வந்தவுடன் சாதாரணக் கணக்கர்களின் கண் துடைப்பம் பிடிப்பவனின் கூலியில்தான் முதலில் விழும். படேல் மேற்படியைப் பார்த்தார். நகர நிர்வாகம் அப்பொழுது சர்க்கார் நியமித்த ஐ.சி.எஸ். கமிஷனர் ஒருவரின் கையில் இருந்தது. படேல் தஸ்தாவேஜுகளை ஒரு வழக்கைப்போல் ஆராய்ந்து, அவருடைய குறைகளைச் சபையில் நிறுவித் தீர்மானம் கொண்டுவந்தார், கமிஷனர் மாற்றப்பட்டார். தண்ணீர்த் தட்டுப்பாடு நீங்காதிருக்கையில் நகர எஞ்சினீயருக்குச் சம்பளத்தை உயர்த்த வேண்டுமென்று எழுந்த யோசனையையும் எதிர்த்து நின்றார். குடிப்பதற்கு நீர் தராத உத்தியோகத்துக்கு உயர்ந்த சம்பளம் எதற்கு என்பதே அவர் வாதத்தின் சாரம். வாந்திபேதி புகும் வழி சாக்கடையும் குடிநீருமே என்பதை அவர் அறிவார்.

1922-ல், ஒத்துழையாமையின் காரணமாகச் சர்க்காருடன் கல்வி விஷயத்தில் முரண்பட்ட அந்நகரசபையை அதிகாரிகள் விலக்கிவைத்து, தங்கள் கமிட்டியை அமர்த்தினர். 1924-ல் தேர்தல் வந்ததும் படேல் அக்கிராசனரானார். துடைப்பமும் குப்பைவண்டியுமாகத் தொண்டர்களுடன் தாமே இறங்கி, ஹரிஜனங்களின் குடியிருப்பிலிருந்து சுத்திகரிப்பைத் தொடங்கினார். சாக்கடைத் திட்டமும் குடிநீர்த் திட்டமும் விரிந்தன. 1927 ஜூலையில் பெருமழை பெய்து நகரம் மூழ்கத் தொடங்கிய இரவில், மழையிலேயே நடந்து சென்று எஞ்சினீயரை எழுப்பி, நீர் வடியுமாறு தடைகளை உடைப்பித்தார். 1928-ல் பதவியை விட்டுப் பர்தோலிக்குச் சென்றார். 1935-ல் போர்ஸத் தாலுகாவில் பிளேக் தலைகாட்டியபோது அங்கேயே முகாமிட்டு, தொண்டர்களைக் கொண்டு கிராமங்களைச் சுத்தம் செய்வித்தார். பதவி இல்லாத காலத்திலும் அவர் முறை மாறவில்லை.

இவ்வரலாற்றை நம் ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம். பேட்டையை உள்ளடக்கிய திருநெல்வேலி நகரம் 1994-ல் மாநகராட்சியாயிற்று. அதற்கு இன்று 55 வார்டுகள். ஆயினும் 2020-ல் கொரோனா வந்து, தெருவெல்லாம் கதவடைத்துக் கிடந்த நாளில், இந்த வார்டுகளில் ஒன்றுக்கேனும் தேர்ந்தெடுக்கப்பட்ட அங்கத்தினர் இருந்தாரா? இல்லை. 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு நகரசபைகளின் காலம் முடிந்தபின், 2022 பிப்ரவரி வரையில் நகர்ப்புறத் தேர்தலே நடைபெறவில்லை. தனி அதிகாரிகளே நிர்வாகம் நடத்தினர். அவர்களில் உழைத்தவர் பலர் உண்டு; அதை மறுப்பதற்கில்லை. நகரசுத்தித் தொழிலாளர் தம் உயிரைப் பொருட்படுத்தாது தெருவில் நின்றதையும் யாவரும் கண்டோம். ஆனால் எத்தனை ஆட்கள் எந்தத் தெருவுக்கு, மருந்துக்கு எவ்வளவு, முகமூடிக்கு எவ்வளவு, தொழிலாளியின் கையில் சேர்ந்த கூலி எவ்வளவு என்று சபையில் எழுந்து கேட்பதற்கு ஜனங்களின் ஆள் ஒருவரும் இல்லை. 1922-ல் அந்நிய சர்க்கார் ஆமதாபாத்துக்குச் செய்ததை, சுதந்திர நாட்டில் நாமே நமக்குச் செய்துகொண்டோம்.

இப்பொழுது அங்கத்தினர்கள் இருக்கிறார்கள். நோய் வராத காலத்திலேயே அவர்கள் படேலைப்போல் சாக்கடையை நேரில் பார்த்து, கணக்கை வரிவரியாகப் படிக்கப் பழக வேண்டும். அங்கத்தினர் வீட்டுக்கு ஓட்டுக்குப்பின் ஒருமுறையேனும் சென்று இதைக் கேட்பது, பொதுக்காரியத்தில் நாட்டமுள்ள நம் நண்பர்களின் கடமை. அடுத்த கொள்ளைநோய் தேர்தல் தேதியைப் பார்த்துக்கொண்டு வரப்போவதில்லை.