காசறிந்த கனவான்: ஸர் வால்ட்டர் எலியட்

காசினாற் பொருள் தேடுவார் உலகிற் பலர். காசின் பொருளைத் தேடுவார் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவராய் விளங்கித் தென்னாட்டுப் பழங்காசுகளைத் தொகுத்தும் ஆராய்ந்தும் நம் முன்னோர் வரலாற்றுக்கு ஒளி தந்த ஸர் வால்ட்டர் எலியட் என்னும் கனவானின் வாழ்க்கையை நம் கல்லூரி அன்பர்க்கு எடுத்துரைக்கப் புகுந்தோம். இம்முயற்சிக்கு எம்மைத் தூண்டியது எமது குற்றமொன்றே யாதலின், அதனை முதற்கண் ஒப்புக்கொள்ளுதல் முறையாகும்.

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, அகன்று வரும் காவிரி இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை கொள்ளிடமென்றும் மற்றொரு கிளை காவிரியென்றும் பெயர் பெற்றுத் திருவரங்கத்தைத் தீவாக்கிச் செல்லும் இடம் முக்கொம்பு ஆகும். சென்ற கோடை விடுமுறையில் யாம் தோழர் மூவருடன் அங்குச் சென்று, நீர் வற்றிய கொள்ளிடத்து மணலில் நடந்துகொண்டிருந்தோம். தூண்டிலுடன் வந்த சிறுவன் ஒருவன் களிம்பேறிய செப்புக் காசு ஒன்றை எமக்குக் காட்டினான். புளியங்கொட்டை அளவினதாகிய அதன் ஒருபுறத்தில் எழுத்துப் போன்ற சில கோடுகள் தோன்றின. அவன் கேட்ட சிறு தொகையைக் கொடுத்து வாங்கி விடுதிக்குக் கொணர்ந்த யாம், அதனைப் பொன்போல் ஒளிரச் செய்ய விரும்பிப் புளியும் சாம்பலும் இட்டு நெடுநேரம் தேய்த்தோம். காசு ஒளிர்ந்தது, எழுத்து மறைந்தது.

மறுநாட் காலை அதனைப் பெருமிதத்தோடு எம் தமிழாசிரியரிடம் நீட்டினோம். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எவ்விடத்தில், எவ்வளவு ஆழத்தில், வேறெப்பொருளோடு கிடைத்தது என்று வினவினார். யாம் அச்சிறுவனை அவற்றுள் ஒன்றையும் கேட்டிலோம். அவன் பெயரையும் கேட்டிலோம். ஆசிரியர் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. எலியட் துரை எழுதிய காசு நூலை எம் கையிற் கொடுத்துப் படிக்குமாறு மட்டும் கூறினார்.

முக்கொம்பு என்றவுடன் நம் நினைவிற்கு வருபவர், 1836ஆம் ஆண்டில் அங்கே மேலணையை எடுத்து, கொள்ளிடத்தின் வழியே வீணாகச் சென்ற நீரைக் காவிரிக்குத் திருப்பிய ஸர் ஆர்தர் காட்டன் ஆவர். அவ்வணையின் ஒரு பகுதி 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்து வெள்ளத்தில் உடைந்து, புதிய கதவணை எழுந்த பின்னரும் அவர் பெயரை நம் உழவர் மறந்தாரிலர். அக்காட்டன் பிறந்த 1803ஆம் ஆண்டிலேதான் எலியட்டும் பிறந்தார். காட்டன் சென்னையில் வந்திறங்கிய 1821ஆம் ஆண்டிலேதான் எலியட்டும் வந்திறங்கினார். ஒருவர் ஆற்று வெள்ளத்திற்கு அணை கட்டினார். மற்றவர் கால வெள்ளம் அடித்துச் செல்வதைத் தடுக்க அணை கோலினார். முன்னவர் பணி கண்ணுக்குத் தெரிவது. பின்னவர் பணி நூலகத்தில் உறங்குவது. ஆதலின் அதனைச் சிறிது எழுப்பிக் காட்டுதல் நம் கடனாகும்.

வால்ட்டர் எலியட் 1803ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 16ஆம் நாள் ஸ்காத்துலாந்து நாட்டு எடின்பரோவிற் பிறந்தார். ஹெய்லிபரிக் கல்லூரியிற் பயின்று, கும்பினியாரின் சென்னை இராஜதானிப் பணியில் அமர்ந்தார். சேலம் மாவட்டத்துக் கலெக்டரின் உதவியாளராகத் தொடங்கிய அவர், விரைவில் தார்வார்ப் பகுதிக்கு மாறிச் சென்றார். அங்கே அவர்க்கு நேர்ந்தது பெருந்துன்பம். 1824ஆம் ஆண்டு அக்டோபரில் கிட்டூர் அரசி சென்னம்மா கும்பினியாரை எதிர்த்துப் போர் தொடுத்தபோது, எலியட்டின் மேலதிகாரியாகிய தாக்கரே துரை கொல்லப்பட்டார். இருபத்தோராண்டு இளைஞராகிய எலியட்டும் ஸ்டீவன்ஸன் என்பாரும் சிறைப்பட்டனர். ஒரு திங்களுக்கு மேல் கிட்டூர்க் கோட்டையில் அடைபட்டிருந்து, பின்னர் விடுதலை பெற்றனர். தம் நாட்டு உரிமைக்காகப் போராடிய அவ்வீர அரசியை இன்று நாம் போற்றுகின்றோம். அவள் கோட்டையிற் சிறையிருந்த இளைஞரோ, மீண்டபின் அந்நாட்டை வெறுத்து நீங்காது, அதன் பழமையைக் கற்பதில் தம் நாட்களைச் செலவிட்டார் என்பது வியக்கற்பாலது.

கோயில்தோறும், குளக்கரைதோறும் சென்று கல்வெட்டுக்களைப் படியெடுப்பித்தார். அவ்வாறு அவர் திரட்டிய கன்னட நாட்டுக் கல்வெட்டுப் படிகள் 595 ஆகும். காசாராய்ச்சிக்கும் கல்வெட்டிற்கும் என்ன தொடர்பு என அன்பர் வினவலாம். நம் பழங்காசுகளிற் பெரும்பாலனவற்றில் ஆண்டு இல்லை. கல்வெட்டில் ஆண்டு உண்டு. காசில் ஒரு விலங்கின் உருவோ, பட்டப்பெயரின் துணுக்கோதான் இருக்கும். கல்வெட்டிலும் செப்பேட்டிலும் அவ்விலங்கை முத்திரையாகக் கொண்ட மரபும், அப்பட்டம் புனைந்த வேந்தனும் தெளிவாக விளங்குவர். மீன் பாண்டியரையும், புலி சோழரையும், வில் சேரரையும் காட்டுதல் நாம் அறிந்ததே. அவ்வாறே பன்றி சாளுக்கியரைக் காட்டும். பன்றிக்கு வடமொழியில் வராகம் என்பது பெயராதலின், அவ்வுருப் பொறித்த பொற்காசு வராகன் எனப்பட்டது. பன்றியுரு நீங்கித் தெய்வவுருக்கள் பொறிக்கப்பட்ட பிற்காலத்தும் அப்பெயர் நின்று நிலவிற்று. நம் பாட்டன்மார் வாயில் வழங்கிய ஒரு சொல்லுக்குள் ஓர் அரசமரபே ஒளிந்திருத்தல் காண்க.

எலியட் காலத்தில் இந்நாட்டிற் புதையலாய்க் கிடைத்த பொற்காசு தட்டார் குகையில் உருகி நகையாயிற்று. செப்புக் காசு கன்னார் உலையில் உருகிக் கலமாயிற்று. புதையலைக் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டுமென்னும் சட்டம் வந்தது 1878ஆம் ஆண்டிலேயே. அதற்குப் பல்லாண்டு முன்னரே எலியட் அழியவிருந்த காசுகளைத் தேடித்தேடிச் சேர்த்தார். பழைமையான முத்திரைக் காசுகளும், சோழமண்டலக் கடற்கரையிற் கிடைத்த இரட்டைப் பாய்மரக் கப்பற் காசுகளும் அவர் கருத்தைக் கவர்ந்தன. 1857, 1858ஆம் ஆண்டுகளில் சென்னை இலக்கிய இதழில் தம் காசாராய்ச்சிக் கட்டுரைகளை வெளியிட்டார்.

இவ்விடத்தில் மாகாணக் காசுகளின் சிறப்பைச் சிறிது கூறுதும். பேரரசின் தலைநகரில் அடித்த காசு வேந்தனின் பெருமையைப் பேசும். மாகாணத்தில் அடித்த காசு அவ்வூர் மக்களின் மொழியையும் வழிபாட்டையும் பேசும். உரோமப் பேரரசின் கீழ்த்திசை நகரங்களாகிய அலெக்ஸாந்திரியா, அந்தியோகியா முதலியன, ஒருபுறம் பேரரசன் தலையும் மறுபுறம் தத்தம் ஊர்த் தெய்வமோ சின்னமோ அமைத்து, கிரேக்க எழுத்திற் காசு வெளியிட்டன. விவிலியம் பயில்வோர் அறிந்த பொந்தியு பிலாத்தும் யூதேயாவிற் சிறு செப்புக் காசுகளை அடிப்பித்தான். அவை இன்றும் கிடைக்கின்றன. நம் நாட்டிலும் இம்முறையை ஒத்ததொன்று நிகழ்ந்தது. விசயநகரப் பேரரசர் பொன் வராகனில் இருதலைப் புள்ளையும், பாலகிருஷ்ணனையும், திருவேங்கடமுடையானையும் பொறித்தனர். அவர்க்குட்பட்டுத் தமிழ்நாட்டை ஆண்ட நாயக்கர்களோ ஏழை எளியவர் கையிற் புழங்கும் செப்புக் காசுகளை அடித்தனர். அவற்றுட் சிலவற்றில் விசுவநாதன் என்னும் பெயர் தமிழெழுத்திலேயே திகழ்கின்றது. பேரரசின் அவைமொழி தெலுங்காயினும், அந்நாயக்கர் தாமும் தெலுங்கராயினும், காசைக் கையேந்துவோன் தமிழன் என்பதை அச்சிறு செம்பு மறவாதிருந்தது. மதுரை நாயக்கர்க்குத் தலைநகராய் விளங்கிய திருச்சிராப்பள்ளியில் வாழும் நமக்கு இஃது அயலார் கதையன்று.

எலியட்டின் வாழ்க்கையிற் காசு ஒரு பகுதியே. 1837ஆம் ஆண்டு முதல் சென்னைக் கவர்னர் எல்பின்ஸ்டன் பிரபுவின் அந்தரங்கச் செயலாளராயினார். 1845இல் குண்டூர்ப் பகுதியின் வருவாய்க் குறைவை ஆராயச் சென்று, அதன்பின் 1854வரை வடசர்க்கார்களின் கமிஷனராக இருந்தார். அக்காலத்தில் அங்கே கோதாவரியில் காட்டன் அணை கட்டிக்கொண்டிருந்தார். 1854 முதல் 1860வரை எலியட் கவர்னரின் ஆலோசனைச் சபையில் உறுப்பினராய் அமர்ந்தார். பறவைகளும் விலங்குகளும் செடிகொடிகளும் அவர்தம் ஆராய்ச்சிக்குப் பொருளாயின. அவர் இந்தியாவிலிருந்து அனுப்பிய புறாத் தோல்களுக்கு டார்வின் தமது 1859ஆம் ஆண்டு நூலில் அவர் பெயரைக் குறித்தே நன்றி கூறியுள்ளார்.

புகழ்வதோடு நில்லாது, உள்ளத்தை உறுத்துவதையும் கூறுதல் வேண்டும். 1845இல் எலியட் அமராவதிப் புத்த தூபத்தை அகழ்ந்து, அழகிய சிற்பக் கற்களைச் சென்னைக்கு அனுப்பினார். அவை வெயிலிலும் மழையிலும் கிடந்து, 1859இல் இலண்டனுக்குக் கப்பலேறின. எலியட் பளிங்குகள் எனப் பெயர் பெற்று, இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவர் தேடிய காசுகளுட் பலவும் அங்கேயே உள்ளன. அவர் எடுத்திராவிடின் அவை சுண்ணாம்புக் காளவாயிலும் உலையிலும் அழிந்திருக்கும் என்பார் உளர், அதில் உண்மையுண்டு. ஆயினும் நம் முன்னோர் கைப்பொருளைக் காண நாம் கடல்கடந்து செல்லவேண்டியிருத்தலும் உண்மையே. இவ்விரண்டையும் ஒருங்கே ஏற்றுக்கொள்வதே நேர்மையென யாம் கருதுகின்றோம். அவர் எடுத்துச் சென்றதற்கு வருந்தும் நாம், இங்கே எஞ்சியதை எவ்வாறு காக்கின்றோம் என்பதையும் எண்ணல் வேண்டும். புளியிட்டுத் தேய்த்த எமக்கு அவ்வினா மிகக் கூர்மையானது.

1860இல் பணியினின்று ஓய்வுபெற்று ஸ்காத்துலாந்தில் உல்ப்லீ என்னும் தம் ஊருக்கு மீண்டார். 1866இல் ஸர் பட்டம் பெற்றார். முதுமையில் அவர்க்குக் கண்ணொளி பெரிதும் மங்கிற்று. காசாராய்ச்சிக்குக் கண்ணே முதற்கருவி. அக்கருவியை இழந்தவர் தம் தொகுப்பைப் பெட்டியிற் பூட்டி வைத்து ஓய்ந்திருக்கலாம். எலியட் ஓய்ந்தாரல்லர். பாண்டியர், சோழர், சேரர், சாளுக்கியர், விசயநகரத்தார் என மரபு மரபாக வகுத்து, படத்தகடுகளுடன் தென்னிந்தியக் காசுகள் என்னும் பொருள்பற்றிய ஆங்கில நூலை 1886இல் வெளிவரச் செய்தார். எண்பத்துமூன்றாம் வயதில், பார்வையற்ற நிலையில், தாம் அறிந்ததைத் தம்மோடு மண்ணிற் புதையவிடாது உலகிற்கு ஈந்தார். அந்நூல் காட்டிய வழியிற் பின்வந்தோர் பலர் நடந்தனர். நம் திருச்சிராப்பள்ளியிலேயே வழக்கறிஞராய் விளங்கிய தேசிகாச்சாரியார் 1933இல் தென்னிந்தியக் காசுகளைப்பற்றி ஆங்கிலத்தில் நூலெழுதினார்.

1887ஆம் ஆண்டு மார்ச்சு முதல்நாள் எலியட்டின் இறுதி நாளாகும். அன்று காலையில் அவர் ஒரு கடிதம் சொல்லச் சொல்லப் பிறர் எழுத, அதிற் கையொப்பமிட்டார். அக்கடிதம் ஆக்ஸ்போர்டில் இருந்த நம் போப்பையருக்கு எழுதப்பட்டது. போப்பையரின் திருக்குறட் பதிப்பைப்பற்றிய குறிப்பைப் படிக்கக் கேட்டு மகிழ்ந்ததைத் தெரிவித்து, முன்னாளில் தாம் திரட்டிய தமிழ் நூல்கள் அந்நாட்டு நூல்நிலையம் எதிலேனும் உளவோ என்று அதில் வினவியிருந்தார். அன்று மாலையே அமைதியாக உயிர் நீத்தார். தமிழ் பயிலும் எமக்கு இச்செய்தியைப் படித்தபோது கண்கள் நனைந்தன. இறக்கும் நாளன்று அவர் கேட்டது பொன்னைப்பற்றியன்று, பட்டத்தைப்பற்றியன்று. தாம் சேர்த்த தமிழ் ஏடுகள் நலமாக உள்ளனவா என்பதே.

அன்பர்காள்! எம் மேசைமேல் அச்செப்புக் காசு இன்றும் ஒளிர்கின்றது. ஆயினும் ஊமையாய் உள்ளது. அதில் இருந்தது விசுவநாதன் பெயரோ, வேறொரு தலைவன் பெயரோ, இனி யாரும் அறியார். விடுமுறை முடியுமுன் யாம் மீண்டும் முக்கொம்பு சென்று, அச்சிறுவனைத் தேடிக் கண்டு, அவன் பெயரையும் காசு கிடைத்த இடத்தையும் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். அணைக்குக் கிழக்கே, வடகரையோரம், முழங்கால் ஆழத்து மணலில் என்றான். எழுத்து அழிந்த காசுக்கு இவ்வளவேனும் எஞ்சியது. உங்கள் ஊர் ஆற்றிலோ வயலிலோ ஒரு காசு கிடைக்குமாயின், அதனைத் தேய்க்காதீர்கள்; விற்காதீர்கள்; கிடைத்த இடத்தையும் நாளையும் முதலில் எழுதிவைத்து, பின்னர் முறைப்படி உரிய அதிகாரிக்கு அறிவியுங்கள். கண்ணிழந்த முதியவர் ஒருவர் அத்துணைப் பாடுபட்டுக் காத்ததை, கண்ணுடைய நாம் களிம்போடு துடைத்தெறிதல் தகுமோ?