ஆணி பொறுக்கிய காந்தம், கரியில் ஓடிய வண்டி: யார் இந்த டி.வி.எஸ். சுந்தரம் ஐயங்கார்?

கோவில்பட்டியில் இருந்து விளாத்திகுளம், கழுகுமலை பக்கம் தினமும் கார் ஓட்டுபவர்களுக்கு இந்தச் சத்தம் நல்லாவே தெரியும். சின்னப் பள்ளத்தில் இறங்கினாலே முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கடகடவென்று அடிக்கும். காரணம் வண்டி மட்டும் இல்லை. கரிசல் மண் மழையில் ஊதும், வெயிலில் பிளக்கும். அதன் மேல் போட்ட தார் ரோடும் கூடவே அலை அலையா ஆகிவிடும்.

சத்தம் வந்ததும் எல்லோரும் முதலில் நினைப்பது ஷாக் அப்சார்பரைத்தான். நாலையும் மாற்றினால் பர்ஸ் காலி. கம்மி செலவில் வண்டியைப் பழுதில்லாமல் ஓட வைப்பது எப்படி? இதே கேள்வியை நூறு வருஷத்துக்கு முன்பே பஸ்களுக்காக யோசித்த ஒருவர் தென்மாவட்டத்தில் இருந்தார்.

வக்கீல், ரயில்வே, வங்கி... அப்புறம் பஸ்

திருநெல்வேலி சீமையில் மலையடிவாரத்தில் இருக்கும் திருக்குறுங்குடியில் 1877 மார்ச் 22-ம் தேதி பிறந்தவர் சுந்தரம் ஐயங்கார். டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்தும் அவர் பெயரின் சுருக்கம்தான். வக்கீலாகத் தொடங்கி, ரயில்வேயில் வேலை பார்த்து, பிறகு வங்கிக்குப் போனார். நிலையான சம்பளம் வந்த வேலைகள். அதை விட்டுவிட்டு 1911-ல் சொந்த நிறுவனம் தொடங்கினார். 1912-ல் மதுரையில் பஸ் ஓட ஆரம்பித்தது. அப்போது அவருக்கு வயது 35. மாட்டு வண்டியும் ரயிலும்தான் போக்குவரத்து என்றிருந்த காலம் அது. வீட்டில் எத்தனை பேர் தலையில் கை வைத்திருப்பார்களோ!

அவர் பிறந்த ஊருக்கும் தொழில் நடத்திய மதுரைக்கும் நடுவில் கிடப்பதுதான் சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு என்று நீளும் கரிசல் காடு.

அந்தக் காலத்து பஸ்ஸில் ஷாக் அப்சார்பர் எல்லாம் பெரும்பாலும் கிடையாது. அடுக்கடுக்காக இருக்கும் பட்டை ஸ்பிரிங்தான் குலுக்கலைத் தாங்கியது. பல வண்டிகளுக்குக் காற்றடைத்த டயர்கூட இல்லை, கெட்டி ரப்பர்தான். காற்று டயர் வந்த பிறகு சொகுசு கூடியது, கூடவே பஞ்சரும் வந்தது.

ஆணிக்கு ஒரு வழி

ரோடெல்லாம் மாட்டு லாடத்தில் இருந்து கழன்று விழுந்த ஆணிகள் கிடக்கும். ஒரு ஆணி போதும், பஸ் நின்றுவிடும். அன்றைய டயர் விலைக்கு அது சின்ன நஷ்டம் இல்லை. இதற்காக, காந்தம் கட்டிய வண்டியை ரோட்டில் ஓட்டி ஆணிகளைப் பொறுக்க வைத்தார் என்பது மதுரைப் பக்கம் இன்றும் சொல்லப்படும் கதை. டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தி வைத்தார்கள் என்றும் சொல்வார்கள். கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனால் பஞ்சர் ஆகாத பஸ்தான் நேரத்துக்கு வரும் என்பதில் சந்தேகம் இல்லை.

பெட்ரோல் இல்லை, ரப்பரும் இல்லை

இரண்டாம் உலகப் போரில்தான் பெரிய அடி விழுந்தது. பெட்ரோலுக்கு ரேஷன். 1942-ல் மலேயாவும் அதை ஒட்டிய ரப்பர் தோட்டங்களும் ஜப்பான் கைக்குப் போனதால் டயருக்கும் பஞ்சம். வண்டியை ஓரங்கட்டினால் அதை நம்பியிருந்த டிரைவர், கண்டக்டர், மெக்கானிக் எல்லோர் பிழைப்பும் போச்சு.

அப்போது வந்ததுதான் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட். வண்டியோடு ஒரு உருளை அடுப்பு. அதில் கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு கிடைக்கும். அதை வடிகட்டி என்ஜினுக்கு அனுப்பினால் வண்டி ஓடும். பெட்ரோல் அளவுக்கு இழுவை இருக்காது, மேடு ஏறும்போது திணறும். ஆனால் ஓடும்.

டயருக்கு ரீட்ரெடிங் தொழிற்சாலை தொடங்கினார். மேல் ரப்பர் தேய்ந்தாலும் உள்கூடு நல்லா இருந்தால், புது ரப்பரைச் சூட்டில் ஒட்டி மறுபடி ஓட்டலாம். புது டயரை விடச் செலவு ரொம்பக் கம்மி.

காருக்கும் இதே வரிசைதான்

ஷாக் அப்சார்பரில் கை வைக்கும் முன் டயர் காற்றைப் பாருங்கள். அளவுக்கு மேல் அடித்தால் ஒவ்வொரு கல்லும் முதுகில் தெரியும். அடுத்தது சஸ்பென்ஷன் ரப்பர் புஷ், லிங்க் ராடு. கடகட சத்தத்துக்குப் பல நேரம் இந்தச் சின்னச் சாமான்தான் காரணம், விலையும் குறைவு. ஷாக்கில் ஆயில் கசிந்தால் மாற்றித்தான் ஆகணும். ஒன்றை மட்டும் மாற்றாமல் ஜோடியாக மாற்றுவது நல்லது. ஸ்பிரிங் இடுக்கில் ரப்பர் பஃபர் சொருகுவது மலிவு வழி. வண்டி உயரும், ஆனால் ஸ்பிரிங் சுருங்க இடம் குறைந்து அடி நேராக பாடிக்குப் போகும்.

மகள் எடுத்த வழி

சுந்தரம் ஐயங்காரின் மகள் சௌந்தரம் சிறு வயதிலேயே கணவரை இழந்தார். விதவைப் பெண் மூலையில் உட்கார வேண்டும் என்றிருந்த நாளில், அவர் டெல்லிக்குப் போய் டாக்டருக்குப் படித்தார். 1940-ல் கேரளாவைச் சேர்ந்த காந்தியவாதி ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்தார். இருவரும் சேர்ந்து 1947-ல் உருவாக்கியதுதான் திண்டுக்கல் அருகே உள்ள காந்திகிராமம்.

நிறுவனம் மகன்கள் கைக்குப் போனது. 1950-களில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் மிகப் பெரிய விநியோகஸ்தர்களாக அவருடைய நிறுவனங்கள் இருந்தன. 1955 ஏப்ரல் 28-ம் தேதி கொடைக்கானல் வீட்டில், 78 வயதில் சுந்தரம் ஐயங்கார் காலமானார். 1970-களின் தொடக்கத்தில் டி.வி.எஸ். பஸ்கள் அரசுடைமையாகி, மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகமாக ஓடத் தொடங்கின.