நிக்கோலா அப்பேர்

நிக்கோலா அப்பேர் (நவம்பர் 17, 1749 – சூன் 1, 1841) பிரான்சு நாட்டைச் சேர்ந்த சமையற்கலைஞரும் இனிப்புப் பண்ட வணிகரும் ஆவார். உணவைக் கலத்தில் காற்றுப் புகாமல் அடைத்து, கலத்தோடு சூடாக்கி, நெடுநாள் கெடாமல் காக்கும் முறையை உருவாக்கியவர் இவரே.

வாழ்க்கை

சாலோன் நகரில் விடுதி நடத்தியவரின் மகனாகப் பிறந்தார். செருமானியச் சிற்றரசு ஒன்றின் அரண்மனையில் சமையற்காரராகப் பணியாற்றிய பின், 1784 இல் பாரிசில் இனிப்புக் கடை தொடங்கினார். பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்தவராயினும் 1794 இல் சிலகாலம் சிறையிலிருந்தார்.

கண்டுபிடிப்பு

உப்பிடுதல், உலர்த்துதல், புகையூட்டுதல், சர்க்கரைப் பாகில் இடுதல் ஆகியவையே அன்று உணவைக் காக்கும் வழிகள். நம் வீடுகளின் ஊறுகாய், வற்றல், கருவாடு ஆகியனவும் இவ்வகையினவே. இவற்றில் உணவின் இயல்பான சுவை மாறிவிடும். பறித்த பட்டாணியின் சுவை மாறாமல் காக்க விரும்பிய அப்பேர், 1795 அளவில் சோதனைகளைத் தொடங்கினார். தடித்த கண்ணாடியாலான சாம்பெயின் புட்டிகளில் உணவை நிரப்பி, தக்கையால் இறுக அடைத்து, கம்பியால் கட்டி, கொதிநீரில் வைத்தார். எந்த உணவுக்கு எவ்வளவு நேரம் என்பதை ஒவ்வொன்றாகச் செய்துபார்த்தே அறிந்தார். பின்னர் பாரிசுக்கு அருகே மாசியில் ஆலை அமைத்தார். பிரெஞ்சுக் கடற்படை இவ்வுணவுகளைச் சோதித்து ஏற்புடையன எனக் கண்டது.

நூல்

நெப்போலியன் அறிவித்த போட்டியில் அப்பேர் பரிசு வென்றார் என்று பல நூல்களில் காணப்படுகிறது, இது சரியன்று. அவர் காப்புரிமை பெற்றிருக்கலாம். மாறாக, முறையை வெளியிடும் நிபந்தனையுடன் உள்துறை அமைச்சர் அளித்த 12,000 பிராங்கை ஏற்றார். அவ்வாறு 1810 இல் வெளியான நூலுக்கு, எல்லா வீடுகளுக்குமான நூல் என்ற பொருள்படும் பெயரும் உண்டு. இறைச்சி, காய்கறி, பழம், பால் ஆகியவற்றை அடைக்கும் செய்முறைகளை அதில் ஒளிவின்றி விளக்கினார். அதே ஆண்டில் பீட்டர் டூராண்டு என்பவர் இலண்டனில் இதையொத்த முறைக்குக் காப்புரிமை பெற்றார். தகரக் கலங்களும் அதில் அடங்கும். 1813 அளவில் பிரையன் டான்கின் நிறுவனம் பிரித்தானியக் கடற்படைக்குத் தகர டப்பா உணவை வழங்கியது.

இறுதிக்காலம்

நெப்போலியப் போர்களின் முடிவில், 1814-15 இல், மாசி ஆலை படையெடுத்து வந்தவர்களால் பாழானது. 1822 இல் பிரெஞ்சுத் தொழில் ஊக்கச் சங்கம் அவரை மனிதகுலத்தின் கொடையாளர் எனச் சிறப்பித்தது. ஆயினும் 91 ஆம் அகவையில் வறியவராக இறந்து, பொதுக் குழியில் புதைக்கப்பட்டார்.

அறிவியல் விளக்கம்

உணவு ஏன் கெடவில்லை என்பதை அப்பேர் அறிந்திருக்கவில்லை. காற்றிலுள்ள ஆக்சிசன் நீங்கியதே காரணம் என வேதியியலாளர் கே-லுசாக் கருதினார். நுண்ணுயிரிகள் வெப்பத்தால் அழிவதே காரணம் என்பது, அப்பேர் இறந்து இருபது ஆண்டுகளுக்குப் பின், லூயி பாசுச்சரின் ஆய்வுகளால் தெளிவாயிற்று.

வீட்டில் செய்து பார்க்க விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புளிப்புள்ள பழங்களுக்குக் கொதிநீர் போதும். பட்டாணி, பீன்சு, இறைச்சி, மீன் போன்ற புளிப்புக் குறைந்தவற்றிற்குப் போதாது. கிளாசுட்ரிடியம் பொட்டுலினம் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் 100 பாகை செல்சியசிலும் பிழைத்து, காற்றற்ற புட்டிக்குள் கொடிய நச்சை உண்டாக்கும். நிறம், மணம் மாறாமலும் இந்நச்சு இருக்கலாம். எனவே இவற்றை அழுத்தக் கலத்தில் 116 பாகை அல்லது அதற்கு மேல், உணவுக்கேற்ற நேரம் சூடாக்க வேண்டும். அப்பேரின் பட்டாணிச் செய்முறையை அப்படியே பின்பற்றலாகாது. மைசூரின் பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக் கூடம் படைவீரர்களுக்காக உருவாக்கிய, பையில் அடைத்த ஆயத்த உணவும் இவ்வாறு அழுத்தத்தில் சூடாக்கப்பட்டதே.